கடைசியாகப் பல் மருத்துவரிடம் எப்போது போனீர்கள்?

2011 பிப்ரவரியில் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தது. சிறுநீர்ப் பரிசோதனை கிருமியின் பெயரையும் சொல்லிவிட்டது: லெஜியோனெல்லா. உடனே மருந்து தொடங்கியும் பலனில்லை. இரண்டே நாளில் அவர் இறந்துபோனார்.

லெஜியோனெல்லா ஒருவர் இருமினால் மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும் கிருமி அல்ல. வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்து, அந்தத் தண்ணீர் நுண்துளிகளாகத் தெறிக்கும்போது மூச்சோடு நுரையீரலுக்குள் போவது. 1976இல் பிலடெல்பியாவில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டில் பலரைப் பலிகொண்டபோதுதான் இப்படியொரு பாக்டீரியா இருப்பதே தெரியவந்தது. அதனால் இந்த நோயோடு ஒருவர் வந்தாலே, பொதுச் சுகாதாரத் துறையினர் தேடுவது இன்னொரு நோயாளியை அல்ல, ஒரு தண்ணீர்க் குழாயை.

எந்தக் குழாய்? நோய் தொற்றியிருக்கக்கூடிய நாட்களில் மூதாட்டி வீட்டை விட்டு வெளியே போனது இரண்டே முறை. இரண்டும் பல் மருத்துவரிடம். வீட்டுத் தண்ணீரைப் பரிசோதித்தார்கள், கிருமி இல்லை. பல் மருத்துவமனையின் தண்ணீரைப் பரிசோதித்தார்கள், இருந்தது. பல்லைக் குடையும் கருவிக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயில் கிடைத்த கிருமியும் மூதாட்டியின் நுரையீரலில் கிடைத்த கிருமியும் மரபணுவளவில் ஒன்றாகவே இருந்தன. 2012இல் லான்செட் இதழில் இது வெளியானபோது, பல் சிகிச்சைக் குழாய்க்கும் ஒரு நிமோனியா மரணத்துக்கும் இடையே இவ்வளவு நேரடியான தொடர்பு காட்டப்பட்டது அதுவே முதல்முறை.

நிமோனியாவோடு வருகிறவரிடம் புகைப்பழக்கம் உண்டா, சர்க்கரை உண்டா, வெளியூர் போனீர்களா என்றெல்லாம் கேட்கிறோம். பல் பார்த்தீர்களா என்று கேட்பது அரிது. தொற்றுநோய்க் கண்காணிப்பு என்ற பெரிய ஏற்பாட்டில் வாய்க்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. அதனால் நழுவிப்போனவை, நழுவவிருந்து பிடிபட்டவை பற்றியது இந்த அத்தியாயம்.

இரண்டு மில்லிமீட்டர் குழாய்

பல் நாற்காலியில் தண்ணீர் வந்தது வேகத்தால். 1957இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் போர்டன் காற்றழுத்தத்தால் சுழலும் ஏரோட்டர் கருவியை அறிமுகப்படுத்தினார். நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று. சொத்தையை நொடிகளில் குடைந்துவிடலாம். ஆனால் அந்த வேகத்தில் உராயும்போது எழும் சூடு, பல்லின் உள்ளே இருக்கும் உயிருள்ள கூழைப் பொசுக்கிவிடும். ஆகவே கருவியின் நுனியிலேயே தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடு வந்தது. நாற்காலிக்கு அடியிலிருந்து கருவி வரை மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று ஓடத் தொடங்கியது.

அந்தக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். குழாய் இப்படி ஒடுங்கும்போது, உள்ளே இருக்கும் தண்ணீரின் அளவோடு ஒப்பிட்டால் தண்ணீர் தொடும் சுவரின் பரப்பு மிக அதிகமாகிறது. பாக்டீரியாவுக்கு வேண்டியது சுவர்தான். போதாக்குறைக்கு, நாளெல்லாம் விட்டுவிட்டு ஓடும் தண்ணீர் இரவு முழுக்கவும் ஞாயிறு முழுக்கவும் அசையாமல் நிற்கிறது. குளத்துப் படிக்கட்டில் பாசி படிவதுபோல், குழாயின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் தாமே சுரந்த கோழையில் ஒட்டிக்கொண்டு ஒரு படலமாகப் படிகின்றன. உயிர்ப்படலம் என்று இதைச் சொல்வார்கள். குளோரின் அதன் மேற்பரப்பைத் தொட்டுவிட்டுப் போய்விடும், அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். அவ்வப்போது படலத்திலிருந்து பிய்ந்துவரும் துணுக்குகள் தண்ணீரோடு நோயாளியின் வாய்க்கு வந்து சேரும்.

இது புதுச் செய்தி அல்ல. ஏரோட்டர் வந்து ஆறே ஆண்டில், 1963இல், பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் பிளேக் என்பவர் இந்தக் கருவிகளின் தண்ணீரில் பாக்டீரியா மண்டிக்கிடப்பதை எழுதிவிட்டார். இருந்தும் பல பத்தாண்டுகளுக்கு யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலைப்படாததற்குக் காரணமும் இருந்தது. அந்தத் தண்ணீரில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஆரோக்கியமானவரை ஒன்றும் செய்யாதவை. வாய் கொப்பளித்துத் துப்பினாலும் விழுங்கினாலும் உடல் சமாளித்துவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு வரம்பு வைத்தது: வழக்கமான பல் சிகிச்சைக்கான தண்ணீரில் மில்லிலிட்டருக்கு 500 பாக்டீரியாக் கூட்டங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. எலும்பையும் ஈற்றின் உட்பகுதியையும் திறக்கும் அறுவை சிகிச்சைக்கு இந்தக் குழாய்த் தண்ணீரே ஆகாது. கிருமி நீக்கப்பட்ட சலைனோ தண்ணீரோதான் பயன்படுத்த வேண்டும் என்றது.

இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் ஓர் இடம் நிழலில் நின்றது. குழந்தைகளின் பால்பல்.

நூற்றில் ஒரு குழந்தை

பால்பல்லில் சொத்தை ஆழமாகிக் கூழைத் தொட்டுவிட்டால், பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற ஒரு வழி உண்டு. கூழின் மேற்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, வேரில் இருக்கும் கூழின் மேல் மருந்து வைத்து மூடிவிடுவார்கள். குழந்தைப் பல் மருத்துவத்தில் அன்றாடம் நடக்கும் சிகிச்சை. யாரும் இதை அறுவை சிகிச்சையாக நினைப்பதில்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்கள், ரத்த ஓட்டமுள்ள திசு ஒன்று திறந்து கிடக்கிறது. அதன்மேல் குழாய்த் தண்ணீர் பீய்ச்சப்படுகிறது.

2015 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. ஒன்பது குழந்தைகள் தாடை வீங்கி, கழுத்தில் நெறி கட்டி அங்கே சிகிச்சை பெற்றிருந்தார்கள். காரணம் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு; மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது; பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாதது. ஒன்பது பேரும் ஒரே பல் மருத்துவமனையில் பால்பல் கூழ் சிகிச்சை செய்துகொண்டவர்கள்.

அதிகாரிகள் அந்தப் பல் மருத்துவமனையின் ஏடுகளை எடுத்துவைத்துக்கொண்டு, கூழ் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் பட்டியலைத் தயாரித்தார்கள். ஏழு நாற்காலிகளின் தண்ணீரையும் சோதித்தார்கள். 500 என்ற வரம்புக்கு எதிரே சராசரி 90 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஏழிலும் அதே மைக்கோபாக்டீரியம். 2016 ஏப்ரலில் வெளியான முதல் அறிக்கையில் பாதிக்கப்பட்ட குழந்தைகள் 20 பேர். அனைவரும் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. சிலருக்குத் தாடை எலும்பின் பகுதியையே சுரண்டி எடுக்க நேர்ந்தது.

இந்த நிகழ்வில் நான் நிறுத்தி நிதானமாகப் பார்க்கச் சொல்வது இரண்டு எண்களை. சிகிச்சை பெற்ற குழந்தைகளில் நோய் வந்தது ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு. சிகிச்சைக்கும் வீக்கத்துக்கும் இடைப்பட்ட காலம் சுமார் இரண்டு மாதம். இந்த இரண்டையும் சேர்த்து, அந்த மருத்துவரின் இருக்கையிலிருந்து பாருங்கள். அவர் பார்க்கும் நூறு குழந்தைகளில் தொண்ணூற்றொன்பது பேர் நலமாகப் போகிறார்கள். மிச்சமுள்ள ஒரு குழந்தைக்கு இரண்டு மாதம் கழித்துக் கழுத்து வீங்கும்போது, பெற்றோர் போவது குழந்தை நல மருத்துவரிடம். அங்கிருந்து காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு. தன் கையால் நேர்ந்தது என்று பல் மருத்துவருக்குத் தெரிய வழியே இல்லை. அனுபவம் எவ்வளவு இருந்தாலும் இந்த இடத்தில் உதவாது. அவர் கண்முன் வருவதெல்லாம் வெற்றிகள் மட்டுமே.

மறுபக்கம் பெரிய மருத்துவமனையில், ஒரு மருத்துவர் பார்ப்பது ஒரு வீக்கத்தை. சில மாதம் கழித்து இன்னொரு மருத்துவர் இன்னொன்றை. ஒன்பதாவது குழந்தை வருவதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. தனித்தனியே விழுந்த புள்ளிகளை யாராவது ஒரே தாளில் வைத்துக் கூட்டினால்தான் உருவம் தெரியும். நோய்க் கண்காணிப்பு என்பதன் சாரம் இந்தக் கூட்டல்தான்.

ஜார்ஜியாவில் கூட்டிப் பார்த்து விடை கண்ட அதே 2016இல், கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் அதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. பாதிக்கப்பட்டதாக அடையாளம் காணப்பட்ட குழந்தைகள் 71 பேர். நிரந்தரப் பற்களை இழந்த குழந்தைகளும் அவர்களில் உண்டு. அதற்கடுத்த ஆண்டே கலிபோர்னியா, திறந்த பற்கூழில் பயன்படுத்தும் தண்ணீர் கிருமி நீக்கப்பட்டதாகவோ கிருமிநாசினி கலந்ததாகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2022 அக்டோபரில் மறுபடியும் ஒரு கொத்து நோய் கண்டபோது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நாடு முழுவதும் உள்ள பல் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது.

ரங்கூனிலிருந்து வேலூர் வரை

ஏறத்தாழ அதே மாதங்களில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு விசித்திரமான நோயாளிக் கூட்டம் வந்துகொண்டிருந்தது.

காய்ச்சல், தலைவலி, குழறும் பேச்சு, மங்கும் பார்வை, முகத்தில் ஒரு பக்கம் வாதம். முதல் பார்வையில் மூளைக் காசநோய் என்று தோன்றக்கூடிய அறிகுறிகள். ஆய்வகத்தில் வளர்ந்ததோ பர்க்கோல்டீரியா சூடோமல்லெய். அது உண்டாக்கும் நோய் மெலியாய்டோசிஸ்.

இந்த நோயை உலகுக்கு முதலில் சொன்னவர்கள் ரங்கூனில் பணியாற்றிய ஆல்ஃப்ரெட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும். பிணப் பரிசோதனைகளில் கண்ட விளங்காத சீழ்க்கட்டிகளைத் துருவிப்போய், 1912இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி இது. மழைக்காலத்தில் தலைதூக்கும். சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும். நுரையீரல், கல்லீரல், மூட்டு என எங்கு வேண்டுமானாலும் சீழ் பிடிக்கச் செய்து, வேறு நோய்களின் வேடம் போடும். ஆய்வகங்களிலேயே இதை வேறொரு சாதாரணக் கிருமி என்று ஒதுக்கிவிடுவதுண்டு. 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு, உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இது வருகிறது என்றும் 89,000 பேர் இறக்கிறார்கள் என்றும் கணக்கிட்டது. மருத்துவர்களின் அறிக்கைகளில் ஏறுவதோ அதில் சொற்பம்.

மெலியாய்டோசிஸ் மூளையைத் தாக்குவது அரிது. அப்படிப்பட்ட அரிய வடிவத்தோடு 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே வட தமிழகத்தின் சில மாவட்டங்களிலிருந்து 21 பேர். வேலூர் மருத்துவர்கள், சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து விசாரணையில் இறங்கின. நோயாளிகளில் 10 பேருக்குப் பொதுவாக இருந்தது வயலோ குளமோ அல்ல, ஒரு பல் மருத்துவமனை.

அங்கே சோதித்தபோது, ஏற்கெனவே திறந்து பலருக்கும் பயன்படுத்திவந்த சலைன் பாட்டிலிலிருந்து அந்தக் கிருமி வளர்ந்தது. அறுவைக் கருவி ஒன்றாலேயே பாட்டிலைத் திறந்து, தளர்வாக மூடி வைத்து, அடுத்த நோயாளிக்கும் அதையே எடுக்கும் பழக்கம் இருந்தது தெரியவந்தது. கிருமி நீக்கப்பட்ட சலைன் பயன்படுத்த வேண்டும் என்ற விதி காகிதத்தில் நிறைவேறியிருந்தது. பாட்டில் திறந்த மறுநிமிடமே அது அந்தத் தகுதியை இழந்துவிட்டது.

அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்தார்கள். பல் மருத்துவமனையோடு தொடர்பில்லாத மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர். ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒவ்வொரு பல்லுக்கும் உணர்வு கொடுப்பது முகத்தின் பெரிய நரம்பான முப்பெருநரம்பின் கிளை. அந்த நரம்பு முடிவது மூளைத்தண்டில். நோயாளிகளிடம் கிடைத்த கிருமியிலோ, நரம்பு வழியே ஊடுருவும் திறனோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாறுபாடு இருந்தது. இந்த மாறுபாட்டுக்கும் மூளைத் தாக்குதலுக்கும் உள்ள தொடர்பு ஆஸ்திரேலியாவில் முன்பே கவனிக்கப்பட்டது. பல் பிடுங்கிய காயத்தில் இப்படியொரு கிருமி விழுந்தால், ரத்த ஓட்டத்தின் வழியே சுற்றிவர வேண்டிய தேவையே அதற்கு இல்லை.

இங்கே ஜார்ஜியாவின் கணக்கு தலைகீழாகிறது. அங்கே நோய் மெதுவானது, கூட்டிப் பார்க்க அவகாசம் இருந்தது. இங்கே நோய் தொடங்கிச் சில வாரங்களில் பலர் இறந்துவிட்டார்கள். முதல் இரண்டு மூன்று பேரிடம் பல் சிகிச்சை பற்றிக் கேட்கிற வழக்கம் இருந்திருந்தால், பாட்டில் எத்தனை நோயாளிகளுக்கு முன்பே தூக்கி எறியப்பட்டிருக்கும் என்பதை அவரவர் ஊகத்துக்கு விடலாம். இந்தக் கொத்து பிடிபட்டதே, அரிய நோய்களைச் சரியாக அடையாளம் காணும் ஆய்வகமுள்ள ஒரே மருத்துவமனைக்கு நோயாளிகளில் பலர் வந்து சேர்ந்ததால். நாலு திசைக்கு நாலு பேர் போயிருந்தால், நாலு விளங்காத மரணங்களாகவே அவை முடிந்திருக்கும்.

காவல் நிற்கும் பல்

இதுவரை பல் நாற்காலியை நோயின் ஊற்றாகவே காட்டிவந்தேன். அதற்கு இன்னொரு முகமும் உண்டு. வேறெங்கும் தெரியாத தொற்று முதலில் தெரியும் இடமாகவும் வாய் இருக்கிறது. தட்டம்மையில் தோலில் தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்பே கன்னத்தின் உட்புறம் உப்புத்தூள் தூவியதுபோன்ற வெண்புள்ளிகள் தோன்றும். நியூயார்க் குழந்தை மருத்துவர் ஹென்றி காப்லிக் 1896இல் இதை விவரித்தார். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களிடம் நாக்கிலும் அண்ணத்திலும் படியும் வெண்பூஞ்சை, பல நேரம் பல் மருத்துவரின் கண்ணில்தான் முதலில் படுகிறது.

நம் நினைவில் இன்னும் ஆறாத எடுத்துக்காட்டு 2021. கொரோனா இரண்டாம் அலையில் பிழைத்து வீடு திரும்பியவர்களில் சிலருக்கு, குறிப்பாக ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு, மேல்வரிசைப் பல் வலித்தது, ஆடியது. ஈற்றில் சீழ் வந்தது. பல்தானே என்று பல் மருத்துவரிடம் போனார்கள். கரும்பூஞ்சை மூக்கருகே உள்ள எலும்புக் குழிகளிலிருந்து மேல்தாடைக்கு இறங்கியிருந்தது. பல்லை மட்டும் பிடுங்கி அனுப்பியிருந்தால், பூஞ்சை கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியிருக்கும். சொத்தை இல்லாத பல் ஆடுவது ஏன் என்று யோசித்து ஸ்கேனுக்கு அனுப்பிய பல் மருத்துவர்கள் உயிர்களைக் காத்தார்கள். 2021 மே மாதம் ஒன்றிய அரசு கரும்பூஞ்சையை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஜூலைக்குள் நாடெங்கும் பதிவானவர்கள் 45 ஆயிரத்துக்கும் மேல். அறிவிக்கை செய்யச் சொன்னதால்தான் அந்த எண்ணே நமக்குக் கிடைத்தது.

பிரிந்துபோன இரண்டு ஏடுகள்

வாய் உடலின் பகுதிதான் என்பது யாருக்கும் தெரியாததல்ல. இருந்தும் கண்காணிப்பில் அது தனித்து நிற்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1840இல் அமெரிக்காவின் பால்டிமோரில், மருத்துவக் கல்லூரியிலிருந்து விலகித் தனியாக உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அன்று முதல் இரண்டும் தனித்தனிப் படிப்பு, தனித்தனிப் பதிவு. இந்தியாவிலும் 1920இல் கல்கத்தாவில் ரஃபியுதீன் அகமது தொடங்கிய கல்லூரி, 1948இன் பல் மருத்துவர்கள் சட்டம் என்று அதே வழியில் வந்தோம். தொழிலாக வளர இது உதவியது. ஆனால் ஒருவரின் உடல்நிலைக் கோப்பும் பல் கோப்பும் ஒன்றையொன்று பார்க்காமலே வளர்ந்தன.

இந்திய அரசு 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று வழியாகத் தகவல் வருகிறது: கிராமச் சுகாதார ஊழியர் தரும் அறிகுறித் தகவல், மருத்துவர் தரும் உத்தேச நோய்த் தகவல், ஆய்வகம் தரும் உறுதித் தகவல். இப்போது இவை இணையவழிப் பதிவாகிவிட்டன. ஆனால் இந்த மூன்றில் எதுவும் பல் நாற்காலியை மனதில் வைத்து வடிவமைத்ததல்ல. பெரும்பாலான பல் சிகிச்சை நடப்பதோ, ஒரு மருத்துவர், ஓர் உதவியாளர், இரண்டு நாற்காலி என்று இயங்கும் சிறு தனியார் இடங்களில்.

சிறு தனியார் மருத்துவர்களைக் கண்காணிப்புக்குள் கொண்டுவருவது நடக்காத காரியமா? வேலூர் அடங்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டமே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 1980களில் வேலூர் மருத்துவ அறிஞர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் அங்கே ஒரு திட்டத்தை நடத்தினார்கள். அச்சிட்ட அஞ்சலட்டைகளை அரசு, தனியார் மருத்துவர்களிடம் கொடுத்துவைத்தார்கள். குறிப்பிட்ட நோய்களில் ஒன்றைச் சந்தேகித்தால் அட்டையை நிரப்பித் தபால்பெட்டியில் போட வேண்டும், அவ்வளவே. வந்த தகவலைத் தொகுத்து மருத்துவர்களுக்கே செய்திமடலாகத் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியது வீண்போகவில்லை என்று தெரிந்ததால் மருத்துவர்கள் தொடர்ந்து அனுப்பினார்கள். 1998இல் லான்செட் இதழ், வளரும் நாடுகளுக்கு ஏற்ற மாதிரி என்று இந்த அனுபவத்தை வெளியிட்டது. கால் நூற்றாண்டு கழித்து சலைன் பாட்டில் பிடிபட்டதும் அதே பகுதியில்தான். அஞ்சலட்டை இருந்த காலத்திலேயே முடிந்தது, கைபேசி இருக்கும் காலத்தில் முடியாமல் போகக் காரணம் இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய அறிவியல் அல்ல. விளங்காத தாடைச் சீழ், மூளைக் காய்ச்சல், இதய வால்வுத் தொற்று, நிமோனியா ஆகியவற்றோடு வருபவரின் நோய் வரலாற்றில், கடந்த ஆறு மாதத்தில் பல் சிகிச்சை உண்டா, எங்கே என்று ஒரு வரி. பல் மருத்துவமனைகளில் காலையில் குழாயை ஓடவிட்டுப் பழைய தண்ணீரை வெளியேற்றுவது, காலமுறைப்படி கிருமிநாசினி செலுத்துவது, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புவது. எலும்பையும் கூழையும் தொடும் சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு ஒரு சலைன் பாட்டில். மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிடுவது. அதன் விலை சில பத்து ரூபாய். சந்தேகமான எதையும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்கப் பல் மருத்துவருக்கும் ஒரு வழி.

இன்னொன்று, இவற்றைவிடக் கடினமானது. தன் இடத்திலிருந்து நோய் பரவியிருக்கலாம் என்று ஒரு பல் மருத்துவர் தானே முன்வந்து சொன்னால், அவரை முதல் நாளே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாத நடைமுறை வேண்டும். ஜார்ஜியாவில் தகவல் கொடுத்தது மருத்துவமனை, பல் மருத்துவர் அல்ல. வேலூரிலும் அப்படியே. மேலே சொன்ன கணக்குப்படி, பல் மருத்துவருக்குத் தெரிய வாய்ப்பு குறைவு என்பது ஒரு காரணம். தெரிந்தாலும் சொல்லப் பயப்படுவார் என்பது இன்னொன்று. முதலாவதைக் கூட்டல் சரிசெய்யும். இரண்டாவதைச் சரிசெய்ய, பதிவேட்டில் வந்து விழும் ஒவ்வொரு தகவலையும் புகாராகப் படிக்காமல், அடுத்த நோயாளிக்கான எச்சரிக்கையாகப் படிக்கும் அலுவலகங்கள் வேண்டும்.